சங்ககிரிக் கல்லுக்குள் எவ்வளவு வெப்பம்? வீட்டுத் தராசை வைத்துக் கணக்கிடும் முறை

சித்திரை வெயிலில் பாறை மேல் கால் வைத்தால் சுடும். அது சூரியன் தந்த சூடு. நாம் கணக்கிடப்போவது கல் தனக்குள்ளேயே உண்டாக்கும் வெப்பத்தை. கல்லில் துளித்துளியாகக் கலந்திருக்கும் யுரேனியம், தோரியம், பொட்டாசியம்-40 ஆகியவற்றின் அணுக்கள் சிதையும்போது வரும் ஆற்றல் அங்கேயே வெப்பமாக மாறுகிறது. கிராம் காட்டும் சமையலறைத் தராசு, நூல், தண்ணீர்ப் பாத்திரம், கால்குலேட்டர் போதும்.

படி 1: கல் எடுப்பது

சங்ககிரி, திருச்செங்கோடு பக்கத்து கிரானைட் நல்ல தேர்வு. கைப்பிடி அளவுள்ள, வெடிப்பில்லாத துண்டாக எடுங்கள். தோட்டத்தில் கிடக்கும் வெங்கச்சங்கல் (குவார்ட்ஸ்) வேண்டாம். அதில் இந்த மூன்றும் மிகக் குறைவு.

படி 2: அடர்த்தி

அவசரப்படாமல் செய்ய வேண்டியது இதுதான். முதலில் காய்ந்த கல்லை எடை போடுங்கள். 530 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அடுத்து, தண்ணீர்ப் பாத்திரத்தைத் தராசில் வைத்து அளவைப் பூஜ்யமாக்குங்கள். கல்லை நூலில் கட்டி, முழுதும் மூழ்கும்படி, ஆனால் அடியிலோ பக்கத்திலோ படாதபடி கையில் பிடித்துத் தொங்கவிடுங்கள். இப்போது தராசு காட்டுவது கல்லின் எடையை அல்ல, கல் விலக்கிய தண்ணீரின் எடையை. 200 கிராம் காட்டினால் கல்லின் பருமன் 200 கன செ.மீ. 530-ஐ 200-ஆல் வகுத்தால் 2.65. இதுதான் கல்லின் அடர்த்தி. கல் அடியைத் தொட்டுவிட்டால் கணக்கே பாழ். இரண்டு மூன்று தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 3: மூன்று எண்கள்

கல்லில் யுரேனியம், தோரியம், பொட்டாசியம் எவ்வளவு என்பதை வீட்டில் அளக்க முடியாது. ஆய்வகத்தில் காமா நிறமாலைமானி (கல்லிலிருந்து வரும் காமா கதிர்களைப் பிரித்து அளக்கும் கருவி) அளக்கும். பழகுவதற்கு, சாதாரண கிரானைட்டுக்குப் பொருந்தும் மதிப்புகளை எடுக்கலாம்: யுரேனியம் பத்து லட்சத்தில் 4 பங்கு, தோரியம் 15 பங்கு, பொட்டாசியம் 3.5 சதவீதம்.

படி 4: சூத்திரம்

வெப்பம் = அடர்த்தி × (9.52 × யுரேனியம் + 2.56 × தோரியம் + 3.48 × பொட்டாசியம்) ÷ 100

அடைப்புக்குள் 38.08 + 38.4 + 12.18 = 88.66. அதை 2.65-ஆல் பெருக்கி 100-ஆல் வகுத்தால் 2.35. ஒரு கன மீட்டர் கல் வெப்பம் தரும் வீதம் 2.35 மைக்ரோவாட் (ஒரு மைக்ரோவாட் என்பது வாட்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு). வெப்பம் வெளியே போகாமல் அடைத்து வைத்தாலும் அந்தக் கல் 1 டிகிரி சூடேற ஏறக்குறைய 28,000 ஆண்டுகள் ஆகும்!

படி 5: மலையளவுக்குப் பெருக்குவது

ஒரு கன கிலோமீட்டர் என்பது 100 கோடி கன மீட்டர். அதற்கு 2,350 வாட். குளியலறை ஹீட்டர் ஒன்று ஓடுகிற அளவு. ஆனால் இந்த ஹீட்டரை அணைக்க ஆளில்லை. யுரேனியம்-238 பாதியாகக் குறையவே 447 கோடி ஆண்டுகள் வேண்டும். இதே கல் 10 கிலோமீட்டர் தடிமனுக்கு இருந்தால் தரையின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 23.5 மில்லிவாட் வரும். கண்டங்களின் தரை வழியே வெளியேறும் சராசரி வெப்பம் சுமார் 65 மில்லிவாட். மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இந்தக் கல்லே தந்துவிடுகிறது. எனக்கு இந்தக் கணக்கிலேயே மிகவும் பிடித்த இடம் இது.

படி 6: நீலகிரிக் கல்லோடு ஒப்பிடுவது

நீலகிரியின் சார்னோக்கைட் ஒரு காலத்தில் பூமியின் ஆழத்தில் வெந்த கல். அப்படி வெந்த கற்கள் பொதுவாக யுரேனியத்தையும் தோரியத்தையும் பெரிதும் இழந்திருக்கும். யுரேனியம் 0.5, தோரியம் 2, பொட்டாசியம் 1.5, அடர்த்தி 2.75 என்று போட்டுப் பாருங்கள். விடை 0.42-க்குப் பக்கத்தில் வர வேண்டும்.