எட்டு மணிக்கே படுத்தால் மூன்று மணிக்கு விழிப்பு வரத்தான் செய்யும்: தூக்கம் பிடிக்காதவர்கள் செய்யும் தவறுகள்

காங்கேயம் பக்கம் தோட்டத்துச் சாளையில் தனியாக இருக்கிற என் அத்தைக்கு வயது 68. போன் பண்ணினால் ஒரே புலம்பல்தான். "தூக்கமே புடிக்க மாட்டேங்குது கண்ணு. மூணு மணிக்கு முழிச்சா அதோட சரி. கோழி கூப்பிடற வரைக்கும் பொரண்டு பொரண்டு படுத்துக் கெடக்கறேன்." கசகசாப் பால், பாதத்துக்கு விளக்கெண்ணெய், தலையணை மாற்றுவது என்று எல்லாம் செய்து பார்த்தாகிவிட்டது. ஒருநாள்தான் எனக்குக் கேட்கத் தோன்றியது: "எத்தன மணிக்குங்க அத்தை படுக்கறீங்க?"

"பொழுதோட சோத்தத் தின்னுட்டு எட்டு மணிக்குள்ள படுத்துருவேன் சாமி. படுத்த ஒடனே தூங்கிருவேன், அதுல ஒண்ணும் கொறையில்ல."

எட்டிலிருந்து மூன்று. விரல்விட்டு எண்ணினாலும் ஏழு மணி நேரம். அந்த வயதுக்கு அது தாராளம். அத்தைக்குத் தூக்கம் குறையவே இல்லை. தூங்கி முடித்த பிறகும் இருட்டு மிச்சம் இருக்கிறது, அவ்வளவுதான்.

அத்தையைப் பார்த்துச் சிரிக்க எனக்கு யோக்கியதை கிடையாது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலை, அதாவது வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கிற வேலை. நமக்குப் பொழுது சாயும்போதுதான் ஐரோப்பாக்காரனுக்கு மத்தியானம். அமெரிக்காக்காரன் அப்போதுதான் கடையைத் திறப்பான். இரண்டு வருடம் தூக்கம் இல்லாமல் அல்லாடினேன். தூங்குவதற்காக நான் செய்த காரியங்களில் முக்கால்வாசி, தூக்கத்தைக் கெடுக்கிற காரியங்கள் என்று பின்னால்தான் தெரிந்தது.

நேத்து தூங்கவில்லை, இன்று சீக்கிரம் படுப்போம்

முதல் தவறு இதுதான். இது தவறு என்றால் யாரும் நம்ப மாட்டார்கள் என்பதால் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன்.

தூக்கம் நம் தோட்டத்துக் கிணறு மாதிரி. விழித்திருக்கிற ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்கிற பொருள் கொஞ்சம் கொஞ்சமாக ஊறுகிறது. அது நிறைய ஊறினால்தான் கண் சொக்கும். தூங்கும்போது அது வற்றிவிடும். காலை எட்டு மணி வரை படுக்கையில் கிடந்து, மத்தியானம் ஒரு மணி நேரம் கண்ணயர்ந்து, ராத்திரி ஒன்பதுக்குப் போய்ப் படுத்தால் என்ன ஆகும்? ஊறாத கிணற்றில் மோட்டார் போட்டால் காற்றுத்தான் வரும்.

இதை வைத்தே ஆர்தர் ஸ்பீல்மன் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடன் இருந்தவர்களும் 1987-இல் ஒரு சிகிச்சை முறையை வெளியிட்டார்கள். தூக்கம் வரவில்லை என்று வருகிறவரைப் படுக்கையில் கூடுதல் நேரம் கிடக்க விடாமல், நேரத்தைக் குறைப்பது. கேட்டால் கொடுமையாக இருக்கும். என் கணக்கைச் சொல்கிறேன். ராத்திரி பத்துக்குப் படுத்து காலை ஆறரைக்கு எழுவேன். எட்டரை மணி நேரத்தில் தூங்கியது ஏறக்குறைய ஐந்தரை மணி. மீதி மூன்று மணி நேரம் கூரையைப் பார்ப்பது. ஆகவே ஆறு மணிக்கு எழுவது என்று வைத்துக்கொண்டு, பன்னிரண்டரைக்கு முன்னால் கட்டிலில் ஏறுவதில்லை என்று முடிவு செய்தேன். முதல் வாரம் நரகம். பதினொரு மணிக்கே சோபாவில் தலை தொங்கும். வீட்டுக்காரி தட்டி எழுப்புவாள். இரண்டாவது வாரம் படுத்தது தெரியும், எழுந்தது தெரியும், நடுவில் ஒன்றும் தெரியாது. படுக்கையில் இருக்கும் நேரத்தில் 85 சதவீதத்துக்கு மேல் தூங்குகிற நிலை வந்ததும், வாரம் பதினைந்து நிமிடம் முன்னால் நகர்த்திக்கொண்டே வந்தேன்.

எவ்வளவு குறைத்தாலும் படுக்கை நேரம் ஐந்து மணி நேரத்துக்குக் கீழே போகக் கூடாது. அப்புறம், இதை எல்லோரும் வீட்டில் தானாகச் செய்யக் கூடாது. வலிப்பு உள்ளவர்கள், பைபோலார் என்கிற மனநிலை ஏற்ற இறக்கப் பாதிப்பு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். நாமக்கல், சங்ககிரி லாரி ஓட்டுநர்கள், கட்டிங் மெஷினில் கை வைக்கிறவர்களும் அப்படித்தான். அந்த முதல் வாரத் தூக்கக் கலக்கம் அவர்களுக்கு உயிர் விஷயம்.

தூக்கம் வராமலே கட்டிலில் கிடப்பது

சோமனூரில் என் அம்மிச்சி வீட்டில் எட்டுத் தறி ஓடும். தறிக்கூடத்துக்கும் நாங்கள் படுக்கிற ஆசாரத்துக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். வெளியூர்க்காரர்கள் வந்தால் விடிய விடியக் கொட்டக் கொட்ட முழித்திருப்பார்கள். எங்களுக்கோ அந்தத் தடக் தடக் சத்தம்தான் தாலாட்டு. கரண்ட் போய்த் தறி நின்றால்தான் வீடே எழுந்து உட்காரும்.

மனசு எதனோடு தூக்கத்தை முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறதோ, அது இருந்தால் தூங்கும். இதன் மறுபக்கமும் உண்டு. தினமும் இரண்டு மணி நேரம் கட்டிலில் படுத்து ஷிப்மெண்ட் தேதியையும் பெண்ணின் படிப்புச் செலவையும் யோசித்துக் கிடந்தால், கட்டில் என்றால் யோசிக்கிற இடம் என்று மனசு படித்துக்கொள்ளும். டிவி முன்னால் தூக்கத்தில் சாமியாடுகிற ஆள், அறைக்குள் போய் விளக்கை அணைத்ததும் பளிச்சென்று விழித்துக்கொள்வது இதனால்தான். ரிச்சர்ட் பூட்சின் என்பவர் 1972-லேயே இதற்கு வழி சொன்னார். தூக்கம் கண்ணைச் சுழற்றினால் மட்டும் படு. கால் மணி, இருபது நிமிடம் போன மாதிரித் தெரிந்தும் தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறு இடத்துக்குப் போ. மறுபடி சொக்கினால் திரும்பி வா. எத்தனை தடவை ஆனாலும் சரி.

எழுந்து போய் என்ன செய்வது? சுவாரசியமில்லாத வேலையாக இருக்க வேண்டும். நான் துணி மடித்தேன். மங்கலான வெளிச்சத்தில் பழைய வாரப் பத்திரிகை புரட்டலாம். போனை மட்டும் எடுக்காதீர்கள். போன் வெளிச்சம் தூக்கத்தைக் கெடுக்கும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். உண்மைதான், ஆனால் என் அனுபவத்தில் வெளிச்சத்தைவிடப் பெரிய வில்லன் அதில் வந்திருக்கிற மெயில். "கலர் மேட்ச் ஆகவில்லை" என்ற ஒரு வரியைப் படித்துவிட்டு எவனாவது தூங்குவானா?

மணி பார்ப்பது

என் அப்பா காலத்தில் கிணற்று மோட்டாருக்கு த்ரீ பேஸ் கரண்ட் பாதி நாள் நடுச்சாமத்தில்தான் வரும். ஒரு மணிக்கு எழுந்து டார்ச்சோடு போய் மோட்டார் போட்டு, வாய்க்காலை மடை திருப்பிவிட்டு வந்து, வாசலில் கிடக்கும் கயிற்றுக் கட்டிலில் விழுவார். இரண்டாவது நிமிடம் குறட்டை. நான் அதே ஒரு மணிக்கு விழித்தால், முதலில் கை போகிற இடம் போன். "இப்போது தூங்கினால்கூட ஐந்து மணி நேரம்தான்." ஒன்றே முக்காலுக்கு, "நாலேகால்." இரண்டரைக்கு நெஞ்சு படபடக்க ஆரம்பித்துவிடும்.

தூக்கம் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரச் சுற்றுகளாகத்தான் ஓடும். சுற்று முடிகிற இடத்தில் லேசாக விழிப்பது எல்லோருக்கும் நடப்பது. அந்த விழிப்பை நோயாக்குவது கணக்குப் போடுகிற புத்தி. கடிகாரத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வையுங்கள். அலாரம் அடிக்காதவரை மணி எத்தனை என்று நமக்கு எதற்கு?

சனிக்கிழமை சம்பளம், ஞாயிற்றுக்கிழமை தூக்கம்

திருப்பூரில் சனிக்கிழமை வாரச் சம்பளம். அன்று ராத்திரி கறி, படம், பேச்சு என்று இரண்டு மணி ஆகும். ஞாயிறு பதினொரு மணி வரை தூக்கம். அன்று ராத்திரி பத்துக்குப் படுத்தால் வராது. திங்கள் காலை எட்டரைக்கு மெஷினில் உட்காரும்போது கண் எரியும். "திங்கட்கிழமை என்றாலே ஆகாது" என்கிறவர்களில் பாதிப் பேருக்குக் கோளாறு திங்களில் இல்லை, ஞாயிற்றில் இருக்கிறது.

உடம்புக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. அது எப்படி ஓடுகிறது என்று கண்டுபிடித்த மூன்று பேருக்குத்தான் 2017-இல் மருத்துவ நோபல் கொடுத்தார்கள். அந்தக் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது காலை வெளிச்சம். படுக்கிற நேரம் முன்னே பின்னே ஆகலாம். எழுகிற நேரம் ஏழு நாளும் ஒன்றாக இருக்கட்டும். எழுந்ததும் அரை மணி நேரம் வெளியே வெயிலில் நில்லுங்கள். இதில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்கிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்.

பேக்கரி டீ, கட்டிங், மாத்திரை

நம் பக்கம் முக்குக்கு முக்கு பேக்கரி. சாயங்காலம் ஆறரைக்கு ஒரு டீ, ஓவர்டைம் என்றால் எட்டரைக்கு இன்னொன்று. காஃபின் செய்கிற வேலை என்னவென்றால், மூளையில் அடினோசின் உட்கார வேண்டிய இடத்தில் தான் போய் உட்கார்ந்துகொள்ளும். குடித்த காஃபினில் பாதி உடம்பிலிருந்து போகவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். ஆளுக்கு ஆள் கூடும், குறையும். எட்டரை டீயின் பாதி ஒன்றரை மணிக்கும் உள்ளே இருக்கிறது. "டீ குடிச்சாலும் நான் தூங்கிருவேனுங்க" என்பவர் தூங்கலாம். ஆழ்ந்த தூக்கம் குறைந்திருக்கும், அது அவருக்குத் தெரியாது. மத்தியானத்துக்கு மேல் டீயை நிறுத்திப் பத்து நாள் பாருங்கள். முதல் சில நாள் தலை வலிக்கலாம், போய்விடும்.

சாராயம் நேர் எதிர். உடனே தூக்கிப் போடும், விடியற்காலம் எழுப்பிவிடும். குறட்டையும் கூடும். தூங்குவதற்காக ஒரு கட்டிங் என்று ஆரம்பித்தவர்கள் கட்டிங்கோடு நின்று நான் பார்த்ததில்லை.

மாத்திரை கதை இன்னும் மோசம். ஒரு மெடிக்கலில் "தூக்கம் வரலீங்க" என்றதும் சீட்டு கூடக் கேட்காமல் நாலு மாத்திரை வெட்டிக் கொடுத்தார்கள். அல்பிரசோலம். மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கவே கூடாத மருந்து. கொஞ்ச நாளில் ஒன்று போதாமல் ஒன்றரை ஆகும். திடீரென்று நிறுத்தினால் தூக்கம் முன்னைவிடக் கெடும், வலிப்புகூட வரலாம். ஏற்கனவே தினமும் போடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு நாளைக்கே நிறுத்தாதீர்கள். மருத்துவர் சொல்கிறபடி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். நாட்டு மருந்துதானே என்று ஜாதிக்காயை இஷ்டத்துக்கு உரசிப் பாலில் கலப்பதும் விளையாட்டல்ல. அளவு மிஞ்சினால் வாந்தி, படபடப்பு, புத்தி தடுமாற்றம் எல்லாம் வரும்.

ராத்திரி ஷிப்ட்காரர்களுக்கு

மேலே சொன்னதில் பாதி, மில்லில் ராத்திரி ஷிப்ட் பார்க்கிறவர்களுக்குப் பொருந்தாது. அவர்கள் செய்கிற பெரிய தவறு, விடிந்து வந்து வெயிலில் நின்று நாலு பேரிடம் பேசிவிட்டு, பேக்கரியில் டீயும் பஜ்ஜியும் முடித்துப் பத்து மணிக்குப் படுப்பது. அதற்குள் வெளிச்சம் உடம்பை எழுப்பிவிட்டிருக்கும். கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு நேரே வீட்டுக்குப் போங்கள். ஜன்னலுக்குத் தடித்த துணி. டீ, ஷிப்டின் முதல் பாதியோடு சரி. ஷிப்ட் மாறுவது நம் கையில் இல்லை. சூபர்வைசர் யாராவது படித்தால், காலை, மதியம், ராத்திரி என்ற வரிசையில் மாற்றினால் உடம்பு ஒத்துப்போகும், தலைகீழாகச் சுற்றினால் திணறும் என்பதை மனதில் வையுங்கள்.

வாரத்தில் மூன்று ராத்திரியாவது தூக்கம் கெட்டு, அது மூன்று மாதத்தைத் தாண்டினால் மருத்துவரிடம் போய்விடுங்கள். பலத்த குறட்டையோடு நடுவில் மூச்சு நின்று நின்று வந்தால், படுத்ததும் கால் குறுகுறுத்து ஆட்டிக்கொண்டே இருக்கத் தோன்றினால், அத்தனை நாள் காத்திருக்க வேண்டாம். முன்னது மூச்சுத்தடைக் கோளாறாக இருக்கலாம். பின்னதற்குப் பல பெண்களிடம் இரும்புச்சத்துக் குறைவு காரணமாக இருக்கும். தூக்கமின்மைக்கு முதலில் கொடுக்க வேண்டியது மாத்திரை அல்ல, நான் மேலே சொன்ன முறைகள் அடங்கிய நடத்தை சிகிச்சை என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்கிற மருத்துவர் அமைப்பு 2016-இல் வழிகாட்டியே வெளியிட்டது. மனசு கனத்து, வாழவே பிடிக்காமல் தூக்கம் போகிறது என்றால் 14416-க்குப் பேசுங்கள். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண், காசு கிடையாது.

அத்தையிடம் பத்து மணி வரை படுக்காதீங்க என்று சொன்னபோது, "எட்டுக்கு மேல நான் என்னத்தச் சாமி பண்றது?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. மாமா இருந்தவரை இரண்டு பேரும் வாசலில் உட்கார்ந்து பத்து மணி வரை பேசிக்கொண்டிருப்பார்கள். மாமா போய் மூன்று வருடம். அதன் பிறகுதான் எட்டு மணித் தூக்கம்.

இப்போது நானும் அத்தை மகளும் முறை போட்டுக்கொண்டு ஒன்பது மணிக்குப் போன் பண்ணுகிறோம். போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் புளி தட்டிக்கொண்டே ஊர் நாயம் பேசுவார். நாலரைக்குத்தான் முழிப்பு வருகிறதாம். "பால் கறக்கற நேரந்தான் கண்ணு, எந்திரிச்சா சரியா இருக்குது" என்கிறார்.