தரிசு நிலத்துப் பழுப்புக் குருவிகள்: வானம்பாடியையும் நெட்டைக்காலியையும் பிரித்தறியும் முறை

அறுவடை முடிந்த புஞ்சைகளிலும் முட்செடிகள் பரவிய மேய்ச்சல் நிலங்களிலும் காலடியிலிருந்து விருட்டென எழுந்து பறக்கும் சிறு பழுப்புப் பறவைகளை, தமிழ்நாட்டுச் சமவெளியில் பறவை நோக்கத் தொடங்குவோர் பலரும் பெயர் தெரியாமலே விட்டுவிடுகின்றனர். முதலில் நிறத்தைத் தேடுவதே இதற்குக் காரணம். தரையில் இரை தேடித் தரையிலேயே கூடு கட்டும் இவை அனைத்துக்கும் மண்ணின் நிறமே வாய்த்திருக்கிறது. இறகு தேயத் தேய அந்த நிறமும் வெளிறிவிடும். ஆகவே நடை, உடலமைப்பு, வால், குரல் ஆகியவற்றைப் பார்த்த பிறகே நிறத்துக்கு வர வேண்டும்.

பறவை தத்தித் தத்திச் சென்றால் அது சிட்டுக்குருவியாகவோ, விதை தின்னும் சிறு குருவியான சில்லையாகவோ இருக்கலாம். கால் மாற்றி வைத்து நடந்தாலோ ஓடினாலோ வானம்பாடி, நெட்டைக்காலி ஆகியவற்றுள் ஒன்று எனக் கொள்ளலாம்.

மிகுதியாகக் குழப்புபவை வயல் நெட்டைக்காலியும் ஜெர்டன் புதர்வானம்பாடியும்தான். இரண்டும் ஏறத்தாழ 15 செ.மீ. நீளமுள்ளவை, இரண்டும் ஒரே வயலில் மேயும். நெட்டைக்காலி ஒல்லியான உடலும் மெல்லிய அலகும் நீண்ட கால்களும் கொண்டு நிமிர்ந்து நிற்கும். நான்கடி ஓடி, சட்டென நின்று, வாலை மேலும் கீழும் ஆட்டும். புதர்வானம்பாடியோ தடித்த அலகும் குட்டை வாலுமாகக் கட்டைகுட்டையாகத் தோன்றும். அதன் மார்பில் புள்ளிகள் அழுத்தமாக இருக்கும். இவ்வளவையும் பார்க்க அவகாசம் தராமல் பறவை எழுந்துவிட்டாலும் கவலை வேண்டாம், அந்த ஒரு நொடியே போதும். வாலின் இரு ஓரங்களிலும் வெள்ளை பளிச்சிட்டு, 'ட்சிப், ட்சிப்' என்ற மெல்லிய குரலும் கேட்டால் அது நெட்டைக்காலி. வாலில் வெள்ளையின்றி, விரிந்த இறக்கையில் செம்பழுப்பு தெரிந்தால் புதர்வானம்பாடி. பின்னது முட்புதரின் உச்சியிலோ மின்கம்பியிலோ அமர்ந்திருந்து, சற்றே மேலெழும்பிப் பாடியபடி, இறக்கைகளை உயர்த்திக் கால்களைத் தொங்கவிட்டு மெல்ல இறங்கும். இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே வாழும் இப்பறவை நம் ஊர் வரப்போரத்திலேயே கிடைப்பது பெரும் பேறு என்பேன்.

சின்ன வானம்பாடியை அதன் பாட்டே காட்டிக்கொடுக்கும். கண்ணுக்குச் சிறு புள்ளியாகும் உயரத்தில் இறக்கையடித்து நின்றபடி நெடுநேரம் பாடுவது அதுதான். தரையில் இருக்கும்போது தலையின் சிறு கொண்டையைத் தேடிப் பாருங்கள். வால் செந்நிறமாகவும் அதன் முனையில் கரும்பட்டையும் இருந்தால் சிவந்த வால் வானம்பாடி; இதில் ஐயத்துக்கே இடமில்லை.

சாம்பல் தலை வானம்பாடியின் ஆணை அதன் கருத்த வயிற்றைக் கொண்டு எவரும் அடையாளம் காண்பர். பெண்ணைத்தான் பெண் சிட்டுக்குருவி என்று எழுதிவிடுகின்றனர். சிட்டுக்குருவியின் முதுகில் கருங்கோடுகள் தெளிவாக இருக்கும். வானம்பாடிப் பெண்ணின் மேற்புறம் ஏறக்குறைய வெறுமையாக இருக்கும், உடலும் தரையோடு பதிந்தாற்போல் தாழ்ந்திருக்கும். அருகில் ஆண் இருக்கிறதா என்று பார்ப்பதும் நல்ல வழி.

குளிர்காலத்தில் ரிச்சர்ட் நெட்டைக்காலி வலசை வந்து சேர்வதால் வேலை கடினமாகிறது. அது வயல் நெட்டைக்காலியைவிடப் பெரியது என்றாலும், தனியாக நிற்கும் பறவையின் அளவைக் கண்ணால் மதிப்பிட்டு முடிவெடுப்பது ஆபத்தானது. எழும்போது கரகரப்பான உரத்த குரல் கொடுக்கிறதா, இறங்குமுன் புல்லுக்கு மேலே சற்று இறக்கையடித்து நிற்கிறதா என்பவற்றைக் கவனியுங்கள். இவற்றில் எதுவும் தெளிவாகாவிட்டால் 'நெட்டைக்காலி இனம்' என்று மட்டும் பதிவதே முறை; பறவைப் பதிவுகளைச் சேர்க்கும் இணையதளமான ஈபேர்டின் பட்டியலிலும் அதற்கு இடமுண்டு. ஊகித்து எழுதிய பெயரைவிட அந்தப் பதிவு பயனுள்ளது.

காலை வெயில் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்குமாறு நின்று, பறவை இறங்கிய இடத்தைக் குறித்துக்கொண்டு, பக்கவாட்டில் மெதுவாக நெருங்குங்கள். மீண்டும் மீண்டும் கிளப்பிப் பார்க்காதீர்கள். பறவை அலகில் பூச்சியை வைத்துக்கொண்டு இறங்கத் தயங்கினாலோ, உங்களைச் சுற்றிக் குரல் கொடுத்தாலோ, அருகில் புல்லடியில் கூடு இருக்கக்கூடும்; வந்த தடத்திலேயே பின்வாங்கித் தொலைவிலிருந்து இருநோக்கியால் பாருங்கள்.