உங்கள் ஊர் வரலாற்றை எழுதத் தொடங்குவது எப்படி: முல்லைத்தீவுக் கரையிலிருந்து

இன்றைய முல்லைத்தீவு மாவட்டம் உருவானது 1978இல். ஊர் வரலாறு எழுத ஆசைப்பட்டு வருகிற பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். அதற்குச் சற்று முந்திய கடதாசிகளில் உங்கள் ஊரை முல்லைத்தீவு மாவட்டம் என்று தேடினால் அகப்படாது. பெரும்பாலான ஊர்கள் வவுனியா மாவட்டத்துக்குள் கிடக்கும். இன்னும் பின்னால் போனால் ஊர்களைப் பற்று என்ற பழைய நிர்வாகப் பிரிவின்படிதான் தேட வேண்டும். முள்ளியவளை, கரிக்கட்டுமூலை, கருநாவல்பற்று, மேல்பற்று, பனங்காமம் என்று போகும். உங்கள் ஊர் எந்தப் பற்றுக்குள் இருந்தது என்று முதலில் பிடியுங்கள். அது தெரியாமல் எந்தப் பழைய புத்தகத்தைத் திறந்தும் பயனில்லை.

நான் கிராம அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன். ஊர்த் தலைமைக்காரரான விதானையார் முறை 1963இல் ஒழிந்து கிராம சேவையாளர் என்ற பதவி வந்தது. அந்த வழியில் வந்த ஆள். வேலைக் காலம் முழுக்க என் மேசைக்கு வந்தது காணிப் பிரச்சினைதான். அதனால் நான் சொல்லித் தருகிற வழியும் காணியில் இருந்தே தொடங்கும்.

2004 டிசம்பர் 26 சுனாமி கரையோர வீடுகளைக் கொண்டுபோனது. மிச்சமிருந்ததை 2009 போர் கொண்டுபோனது. முள்ளிவாய்க்காலுக்குள் போய் வந்த வீடுகளில் அலுமாரி நிறையப் பழைய கடதாசி இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆனால் காணி உறுதியை, அதாவது நில உரிமைப் பத்திரத்தை, பொலித்தீன் பையில் சுற்றி இடுப்போடு கட்டிக்கொண்டு வந்தவர்கள் நிறையப் பேர். ஆல்பத்தை விட்டுவிட்டு உறுதியைத் தூக்கிய சனம் எங்கள் சனம். ஆகவே உறுதியைக் கேளுங்கள். வாங்கிக்கொண்டு போகாதீர்கள், அவர்கள் முன்னாலேயே பாயில் விரித்து ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்துவிட்டு அங்கேயே மடித்துக் கொடுங்கள்.

உறுதியில் எல்லோரும் பெயரையும் பரப்பளவையும் பார்ப்பார்கள். நீங்கள் எல்லைகளைப் பாருங்கள். வடக்கே வாய்க்கால், கிழக்கே இன்னாரின் வயல், தெற்கே வண்டில் பாதை, மேற்கே குளத்து அலைகரை என்று எழுதியிருக்கும். அந்த வண்டில் பாதை இன்றைக்குக் காடாக இருக்கலாம். அந்த 'இன்னார்' ஒரு உடையாராகவோ ஊரின் முதல் பள்ளிக்கூடத்துக்கு நிலம் கொடுத்தவராகவோ இருக்கலாம். பக்கத்துப் பக்கத்துக் காணிகளின் உறுதிகளை வைத்து எல்லைகளைப் பொருத்தினால், பழைய ஊரின் படம் தானாக எழும்பும். இன்னொன்று, சீதன உறுதிகளைத் தவறவிடாதீர்கள். பழைய பதிவுகளில் பெண்களின் பெயர் அபூர்வம். சீதன உறுதியில் மட்டும் இன்னாரின் மகள் இன்னார் என்று முழுசாக இருக்கும். ஊரின் முன்னோர் பட்டியலில் ஆண்கள் மட்டுமே வந்தால் நீங்கள் பாதி ஊரைத்தான் எழுதியிருக்கிறீர்கள்.

பிறகு பெரியவர்களிடம் போங்கள். போன உடனே போனை நீட்டக் கூடாது. முதல் நாள் சும்மா கதைத்துவிட்டு வாருங்கள். அடுத்த முறை, "அப்பு, பதிவு செய்யட்டோ" என்று கேட்டு, அவர் சம்மதித்த பிறகு எடுங்கள். ஆண்டு கேட்டால் அவர்களுக்கு வராது. 1957 வெள்ளத்துக்கு முன்னரா பின்னரா, 1964 புயலுக்கு முன்னரா பின்னரா என்று கேளுங்கள். குளம் உடைத்ததையும் கூரை பறந்ததையும் யாரும் மறப்பதில்லை. "வெள்ளத்துக்குப் பிறகு, ஆனால் புயலுக்கு முதல் கலியாணம்" என்று ஒரு ஆச்சி சொன்னால் உங்களுக்கு ஏழு வருடத்துக்குள் ஒரு காலம் கிடைத்துவிட்டது. சொன்னதை அவர் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள். பக்கத்தில் இரண்டு குறிப்புப் போடுங்கள்: தான் கண்டதா, யாரிடமாவது கேட்டதா, கேட்டதென்றால் யாரிடம். இந்த இரண்டு குறிப்பும் இல்லாத பதிவைப் பின்னால் வருகிறவர் நம்பவும் முடியாது, தள்ளவும் முடியாது.

கரையோரத்து ஊரென்றால் கரைவலைப் பாடுகளை, அதாவது கரைவலை இழுக்கிற இடங்களை, ஒவ்வொன்றாகக் கேளுங்கள். எந்தப் பாடு யாருடையது, யாரிடமிருந்து வந்தது, வெளியூரிலிருந்து பருவத்துக்கு வந்து வாடி (தற்காலிகக் குடிசை) அடித்தவர்கள் யார், எந்தக் காற்றுக்கு வந்து எந்தக் காற்றுக்குத் திரும்பினார்கள்? கொக்கிளாய், நாயாறு பக்கம் இந்தக் கேள்வி மிக முக்கியம். கத்தோலிக்கக் குடும்பங்கள் உள்ள இடத்தில் ஞானஸ்நானப் பதிவேடு மிஞ்சியிருக்கிறதா என்று பங்குத் தந்தையிடம் விசாரியுங்கள்.

இனி, பெரிய மனிதர்கள். இதில்தான் கூடுதல் கவனம் வேண்டும், ஏனென்றால் இதில்தான் எங்கள் மனம் முந்திக்கொண்டு ஓடும்.

வன்னி நாட்டுச் சிற்றரசன் பண்டாரவன்னியனை எடுங்கள். 1803 ஆகஸ்ட் 25 அன்று முல்லைத்தீவுக் கோட்டையில் இருந்த ஆங்கிலப் படையைத் துரத்திக் கோட்டையைப் பிடித்தவன். அந்த நாளைத்தான் நாங்கள் வெற்றி நாளாக நினைவுகூருகிறோம். ஒட்டுசுட்டானுக்குப் பக்கத்தில் கற்சிலைமடுவில் ஆங்கிலேயர் காலத்து நடுகல் ஒன்று நின்றது. இந்த இடத்துக்கு அருகே கப்டன் வொன் டிறிபேர்க் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தார், 31 ஒக்டோபர் 1803 என்ற பொருளில் அதில் ஆங்கிலத்தில் வெட்டியிருந்தது. இதை ஆறுதலாக வாசியுங்கள். தோற்கடித்தார் என்றுதான் இருக்கிறது. கொன்றார் என்று இல்லை. அப்படியிருந்தும் அவன் அன்றைக்கு அங்கேயே இறந்ததாகச் சொல்பவர்கள் எத்தனையோ பேர். கல் சொன்னதைக் கல் சொன்னது என்று எழுதுங்கள்; ஊர் சொன்னதை ஊர் சொன்னது என்று எழுதுங்கள். இரண்டுக்கும் இடம் இருக்கிறது, ஒரே வரியில்தான் இடம் இல்லை. அதோடு, அந்தக் கல்லை நாட்டியது வென்ற பக்கம் என்பதையும் ஒரு வரி சேருங்கள். 2009 போருக்குப் பிறகு கல் உடைக்கப்பட்டது. முன்னர் யாரோ எடுத்து வைத்த படங்கள்தான் இன்று சாட்சி. உங்கள் ஊரில் நிற்கிற கல்லை இந்தக் கிழமையே படம் எடுங்கள்.

எழுத்தில் இல்லாதவர்களையும் விட்டுவிடாதீர்கள். குமுளமுனைப் பக்கம் அரியாத்தையின் கதை இருக்கிறது. மதம்கொண்ட கொம்பன் யானையைப் பிடித்துக் கட்டிய பெண். அவளுடைய கணவன் வேலப்பணிக்கன். அவள் பேரில் பாடிய ஒப்பாரி வாய்வழியாக வந்தது. அரியாத்தை எந்த ஆண்டில் வாழ்ந்தாள் என்று மல்லுக்கட்ட வேண்டாம். அந்தப் பாட்டு எதற்குச் சாட்சி என்று கேளுங்கள். வன்னியர்கள் என்ற வன்னிச் சிற்றரசர்கள் யானைகளைத் திறையாகக் கொடுத்த நாடு இது. யானை பிடிக்கிற பணிக்கர்கள் இங்கே மதிப்போடு வாழ்ந்தார்கள். அந்த வாழ்க்கையை உள்ளிருந்து சொல்வது இப்படியான பாட்டுத்தான், அதிகாரிகளின் கணக்கில் யானையின் தொகைதான் இருக்கும். பாடத் தெரிந்த ஆச்சி இருந்தால் மற்ற வேலை எல்லாவற்றையும் தள்ளி வைத்துவிட்டு அங்கே போங்கள்.

கோயில் உரிமைகளும் வரலாறுதான். வற்றாப்பளை அம்மனின் வைகாசிப் பொங்கலுக்குக் கடலில் தீர்த்தம் எடுத்து, முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலில் அந்த உப்பு நீரில் விளக்கேற்றி, பிறகு வற்றாப்பளைக்குக் கொண்டுபோவதை எல்லோரும் அறிவோம். தீர்த்தக் குடம் தூக்குவது எந்தக் குடும்பம், எந்த வழியால் போவது, எங்கே நிற்பது என்று எழுதியவர்கள் குறைவு. அந்த வழியில் ஒருமுறை கூடவே நடந்து எழுதுங்கள். எந்த ஊர் எந்த ஊரோடு உறவு என்பது அதில் விளங்கும்.

அச்சில் இருப்பதற்கு நான் கைகாட்டுவது சிலவற்றைத்தான். ஜே. பி. லூயிஸ் 1895இல் வெளியிட்ட வன்னி மாவட்டங்கள் பற்றிய கையேடு; ஒல்லாந்தருக்காக வன்னியை நிர்வகித்த தோமஸ் நாகெல் 1793இல் எழுதிய அறிக்கை; தமிழில் வையாபாடல். முதல் இரண்டும் ஆளவந்தவர்களின் கண். வையாபாடல் குலப்பெருமை பேச வந்தது. மூன்றையும் அந்த நினைப்போடு வாசியுங்கள். வெள்ளைக்காரர் ஊர்ப் பெயர்களைக் காதில் விழுந்தபடி எழுதினார்கள். வாய்விட்டு வாசித்தால் பிடிபடும். கொழும்பு 7இல் உள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் அரசாங்க அதிபர்களின் நாட்குறிப்புகளும் நிர்வாக அறிக்கைகளும் இருக்கின்றன. போவதற்கு முன் உங்கள் பற்றையும், எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை வேண்டும் என்பதையும் எழுதிக்கொண்டு போங்கள். தமிழ்ப் புத்தகம், கோயில் மலர், பாடசாலை மலர் என்றால் 'நூலகம்' என்ற பெயருள்ள இணையத்தளத்தில் முதலில் தேடுங்கள். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததை நினைத்தால் அந்தத் தளத்தை நடத்துகிற பிள்ளைகள் செய்கிற வேலையின் அருமை தெரியும்.

கல்வெட்டைப் படம் எடுக்கக் காலை வெயில் அல்லது பின்னேர வெயில் நல்லது. வெளிச்சம் பக்கவாட்டில் விழ வேண்டும். சுண்ணாம்பு பூச வேண்டாம், சுரண்ட வேண்டாம். மண்வெட்டி எடுக்கவே வேண்டாம். 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது, தோண்டினால் குற்றம். ஏட்டுச் சுவடி கிடைத்தால் எண்ணெய் பூசாமல் அப்படியே படம் எடுத்துவிட்டு, தெரிந்தவர்களிடம் காட்டுங்கள்.

எழுதி முடித்ததும் அச்சகத்துக்கு ஓடாதீர்கள். கதை சொன்னவர்களின் வீட்டுக்குப் போய் அவர்கள் பகுதியை வாசித்துக் காட்டுங்கள். "இல்லைப் பிள்ளை, அது பெரியப்பா இல்லை, சித்தப்பா" என்று திருத்துவார்கள். திருத்தத்தையும் திகதியோடு எழுதுங்கள். வெளியில் வரக் கூடாது என்று அவர்கள் சொல்வதை நீக்கிவிடுங்கள். ஒரு பிரதியை அவர்களிடமே கொடுங்கள், ஒன்றைப் பிரதேச சபை நூலகத்துக்கும் ஒன்றை ஊர்ப் பாடசாலைக்கும் கொடுங்கள், ஒன்றை மாவட்டத்துக்கு வெளியே இருக்கிற யாரிடமாவது அனுப்பி வையுங்கள்.