தேங்காய் மூட்டை காட்டிக்கொடுத்த கோளாறு

நாமக்கல்லில் வாங்கிய பழைய லாரி ஆக்சில் என் ஜீப்புக்கு இரு பக்கமும் நான்கு அங்குலம் அகலம் கூடுதல். அதன் ஸ்பிரிங் சீட்டுகள் (பட்டை ஸ்பிரிங் அமரும் இரும்புத் தட்டுகள்) வண்டியின் சட்டமான சேஸிஸுக்கு வெளியே நின்றன. அறுத்தெடுத்து, உள்ளே தள்ளிப் பற்றவைத்தோம். பொள்ளாச்சி சாலையில் ஐம்பது கிலோமீட்டர் வேகம் தாண்டியதும் வண்டி உதறியது.

சக்கரங்களை பேலன்ஸ் செய்தேன். கியர்பாக்ஸிலிருந்து ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ஷாஃப்டின் இரு முனை மூட்டுகளான கிராஸ் இரண்டையும் மாற்றினேன். ஷாஃப்டைக் கழற்றி பேலன்ஸ் பார்த்தேன். ஆறு நாள் வீண்.

ஒருநாள் தோப்பிலிருந்து எட்டு மூட்டைத் தேங்காய் ஏற்றி வந்தபோது உதறல் பாதியாகக் குறைந்திருந்தது. சுமையில் ஸ்பிரிங் அமுங்கி ஷாஃப்டின் சரிவு குறைகிறது. அப்படியானால் கோளாறு கோணத்தில்! மூட்டைகளை இறக்கிவிட்டு அளந்தேன். கியர்பாக்ஸ் தண்டு பின்புறமாக 4 டிகிரி கீழே சாய்ந்திருக்க, கிரவுன் மூக்கு, அதாவது ஆக்சிலில் ஷாஃப்ட் வந்து சேரும் முனை, 9 டிகிரி மேலே பார்த்தது. இரண்டு சாய்வும் ஏறக்குறைய சமமாக இருந்தால்தான் ஷாஃப்ட் உதறாமல் சுழலும். லாரியில் இருந்த சாய்வையே அப்படியே வைத்துப் பற்றவைத்தது என் மடத்தனம்.

சீட்டுகளை மறுபடி அறுத்து, ஆக்சிலை ஸ்பிரிங்கோடு பிணைக்கும் யூ போல்ட்டைத் தளர்வாக மாட்டி, ஜாக்கியை அகற்றி வண்டியின் முழுப் பாரத்தையும் சக்கரத்தில் நிறுத்தினேன். ஜாக்கியில் தொங்கும்போது அளந்தால் கணக்கு பொய்க்கும். மூக்கை 2 டிகிரிக்கு இறக்கினேன். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது ஸ்பிரிங் பட்டை முறுக்கி அது தானே சற்று எழும். முதலில் புள்ளி வெல்டிங் மட்டும். பிறகு கழற்றி, துண்டு துண்டாக, இடையில் ஆறவிட்டுப் பற்றவைத்தோம். ஒரே மூச்சில் வைத்தால் ஆக்சில் குழாய் வளைந்துவிடும்.

இப்போது எண்பதிலும் உதறல் இல்லை. பிரேக் ஹோஸ்தான் நீளம் போதவில்லை. அடுத்த வாரம் மாற்ற வேண்டும்.