காடி ரேடியேட்டரின் பேன் (விசிறி) பியூஸ் எரிந்துகொண்டே இருந்தால்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களில் ஓடும் பழைய காடிகளுக்கு (கார்களுக்கு) எலியும் செம்மண் சேறும்தான் எமன். என் காடியில் ரேடியேட்டர் பேன் பியூஸ் எரிந்தபோது சரிபார்த்த முறை இது.

முதலில் பேன் சாக்கெட்டைக் கழற்றிவிட்டு, பியூஸ் இடத்தில் 12 வோல்ட், 21 வாட் பல்பை மாட்டுங்கள். சூடேறினால் பேனை ஓடவைக்கும் தெர்மோ சுவிட்ச்சின் சாக்கெட்டில் இரண்டு முனைகளையும் துண்டு வயரால் சேர்த்துச் சாவியைத் திருப்புங்கள். பல்பு பளிச்சென்று எரிந்தால் வயர் காடியின் இரும்பு பாடியில் உரசுகிறது. மங்கலாக எரிந்தால் அதே பியூஸில் வேறேதோ ஓடுகிறது. எனக்குப் பளிச்சென்றே எரிந்தது. ரேடியேட்டர் சட்டத்துக் கிளிப்புக்கு அடியில் எலி கடித்த இடம், செம்பு பச்சை பூத்திருந்தது. அந்தத் துண்டை வெட்டி 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் வைத்து, ஈயத்தால் பற்றவைத்து, சுருங்கு குழாய் போட்டேன்.

பல்பு எரியவில்லையா? மோட்டாரைச் சந்தேகியுங்கள். பேட்டரியைக் கழற்றிவிட்டு இறக்கையைக் கையால் சுற்றுங்கள். இறுக்கமாக இருந்தால் மோட்டார் தண்டைத் தாங்கும் புஷ் போய்விட்டது. கரண்ட் கூடுதலாக இழுக்கும்.

15 ஆம்ப் எரிகிறதென்று 30 போடச் சொல்பவர்கள் இங்கே நிறைய. அப்புறம் பியூஸ் பிழைக்கும், வயர்தான் உருகும். பேனுக்குக் கரண்ட் விடும் ரிலேயின் சாக்கெட் பழுப்பேறியிருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள்.