பெடல் ஸ்டீல் வாங்கிய லேப் ஸ்டீல்காரர் செய்யும் தவறுகள்

போன மாதம் தக்கலைப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி வந்திருந்தான். சபையில் ஹவாயன் கிட்டார், அதாவது மடியில் வைத்து இரும்புப் பாரைக் கம்பிமேல் நகர்த்தி வாசிக்கும் லேப் ஸ்டீல், வாசிக்கிறவன், நல்ல கை. கல்ஃபில் இருக்கும் மாமா வழியாக ஒரு பழைய பெடல் ஸ்டீல் கிடைத்திருக்கிறது. அதே குடும்பம்தான், ஆனால் காலால் பெடலை மிதித்தும் முட்டியால் லீவரைத் தள்ளியும் கம்பியின் சுரத்தை மாற்றலாம். பத்துக் கம்பி, மூன்று பெடல், நான்கு முட்டி லீவர். "அண்ணே, கம்பியெல்லாம் வரிசை மாறிக் கெடந்து, நான் சரிபண்ணிட்டேன், ஆனா பெடல மிதிச்சா ஒண்ணும் சேர மாட்டேங்குது" என்றான். சிரிக்கலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. பல வருஷத்துக்கு முன்னால் நான் செய்து வைத்த அதே வேலை.

விரலில் பிக் (மீட்டும் நகம்) மாட்டுவது, பாரைப் பிடிப்பது எல்லாம் லேப் ஸ்டீல் வாசித்தவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

கம்பியைச் "சரிபண்ணுவது"

லேப் ஸ்டீலில் நமக்குப் பழகியது சி6 என்ற ட்யூனிங் (சி, இ எல்லாம் மேற்கத்திய சுரப் பெயர்கள்). தடித்த கம்பியிலிருந்து சி, இ, ஜி, ஏ, சி, இ என்று படிப்படியாக ஏறும். பெடல் ஸ்டீலில் பெரும்பாலும் இ9 என்ற ட்யூனிங் இருக்கும். நம்மைவிட்டு ஆகத் தள்ளியிருக்கும் முதல் கம்பி எஃப் ஷார்ப், அப்புறம் டி ஷார்ப், ஜி ஷார்ப், இ, பி, ஜி ஷார்ப், எஃப் ஷார்ப், இ, டி, பி. மூன்றாவதுதான் இருப்பதிலேயே மெலிந்த கம்பி, உச்ச சுரமும் அதில்தான். படி ஏறிப் பழகிய கண்ணுக்கு இது யாரோ தூக்கக் கலக்கத்தில் மாட்டியது போலத்தான் தெரியும். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. விற்றவனை மனசுக்குள் திட்டிக்கொண்டே ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்து பத்தையும் கழற்றி, மெலிசிலிருந்து தடிமன் வரை அடுக்கி, போதாக்குறைக்கு எனக்குத் தெரிந்த சி6-க்கே ட்யூன் செய்து வைத்தேன். பெடலைத் தொடாதவரை அருமையாக இருந்தது, பெரிய லேப் ஸ்டீல் மாதிரி.

கருவியைக் கவிழ்த்துப் பார்த்திருந்தால் அன்றைக்கே விளங்கியிருக்கும். பெடலை மிதித்தால் குறுக்கே இருக்கும் தண்டு ஒன்று திரும்புகிறது, அதிலிருக்கும் கிராங்க் ஒரு நீண்ட ராடை இழுக்கிறது, அந்த ராடு வலது கோடியில் கம்பி வளைந்து உட்கார்ந்திருக்கும் இரும்பு விரலை அசைக்கிறது. மூன்று பெடலுக்கும் ஏ, பி, சி என்று பெயர், அவை சுரத்தின் பெயர் அல்ல. ஏ பெடல் 5, 10 ஆகிய கம்பிகளை பி-யிலிருந்து சி ஷார்ப்புக்கு ஏற்ற வேண்டும். பி பெடல் 3, 6 இரண்டையும் ஜி ஷார்ப்பிலிருந்து ஏ-க்கு ஏற்ற வேண்டும். அங்கே என்ன கம்பி மாட்டியிருக்கிறது, அதில் என்ன சுரம் என்பது ராடுக்குத் தெரியாது, தன் இடத்தில் இருப்பதை இழுக்கும், அவ்வளவுதான்.

அத்தோடு நிறுத்தினேனா என்றால் அதுவும் இல்லை. பெடல்தான் கோளாறு என்று முடிவுகட்டி, ஆலன் கீயை எடுத்து ராடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி இடம் மாற்றினேன், பிறகு எது எங்கே இருந்தது என்று எனக்கே மறந்துபோக, மார்த்தாண்டத்தில் ஒரு லேத் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அவர் பாவம், கையில் அரத்தை எடுத்துவிட்டார். மூன்று செட் கம்பி, ஆறு மாதம், பட்டறைக் கூலி. இன்றும் ஒரு ராடு சரியாகப் பொருந்தாமல் கிடுகிடுக்கிறது, ஒவ்வொரு தடவை அந்தச் சத்தம் கேட்கும்போதும் எரிச்சல் வரும்.

காசு போனதைவிட, பெடலை ட்யூனிங் மாற்றும் சுவிட்ச் என்று நினைத்தே நான் ஆறு மாதம் ஓட்டியதுதான் பெரிய நஷ்டம். ஆரம்ப காலத்தில் பெடல்களை அப்படித்தான் பயன்படுத்தினார்கள். 1954-இல் வெளிவந்த அமெரிக்க கண்ட்ரி பாடகர் வெப் பியர்ஸின் ஒரு பாட்டில், பெடல் ஸ்டீல் வாசித்த பட் ஐசக்ஸ், கம்பி ஒலித்துக்கொண்டிருக்கும்போதே பெடலை மிதித்தார், நாம் ஆசைப்பட்டு வாங்கிய அந்தச் சத்தம் அங்கிருந்துதான் பரவியது. மூன்றாவது ஃப்ரெட்டில் பாரை வைத்து 3, 4, 5 கம்பிகளை மீட்டுங்கள். அது ஜி கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு). பாரை அசைக்காமல் ஏ, பி இரண்டு பெடலையும் மெல்ல மிதியுங்கள். 4-ஆவது கம்பியில் ஜி அப்படியே நிற்க, மற்ற இரண்டும் அதன் இரு பக்கமும் வழுக்கி ஏறி சி கார்டில் போய் உட்காரும். லேப் ஸ்டீலில் இதற்குப் பாரைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும், ஓடினாலும் ஒரு சுரம் நிற்க மற்றது நகர்வது வராது.

ஆகவே வந்ததும் எதையும் தொடாதீர்கள். அடிப்பக்கத்தை நாலு போட்டோ எடுங்கள். ஒவ்வொரு பெடலையும் லீவரையும் தனித்தனியே அழுத்தி, எந்தக் கம்பி எந்தச் சுரத்துக்குப் போகிறது என்று நோட்டில் எழுதுங்கள். சி6 வேண்டுமென்றால் உங்கள் பழைய லேப் ஸ்டீல் இருக்கிறதே, அதை விற்காதீர்கள்.

சாவியைத் திருப்புவது

பெடலை மிதித்தால் சுரம் சேர வேண்டிய இடத்துக்குக் கொஞ்சம் இறங்கிக் கேட்கிறது என்று, இடது பக்கத்தில் கம்பியை முறுக்கும் சாவியைத் திருப்பினால், பெடலை விட்டதும் திறந்த கம்பி ஏறிப்போயிருக்கும். முதலில் பெடல் இல்லாமல் சாவியில் ட்யூன் செய்யுங்கள். அப்புறம் பெடலை முட்டும்வரை மிதித்தபடி, வலது கோடியில் இருக்கும் நைலான் திருகில் சரிபாருங்கள். இந்த வரிசை மாறக் கூடாது.

இன்னொன்று, ட்யூனர் காட்டும் நட்டநடுவில் ஜி ஷார்ப்பை வைத்தால் இ கார்ட் கரகரக்கும். இ கார்டில் ஜி ஷார்ப் மூன்றாம் சுரம், சுத்தமான மூன்றாம் சுரம் ட்யூனர் காட்டுவதைவிட ஏறக்குறைய 14 சென்ட் (அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) தாழ்ந்தது. ஆனால் கூட கீபோர்டு வாசிக்கிறது, அது இறங்கி வராது. நான் பாதி வழியில், ஆறேழு சென்ட் இறக்கி நிறுத்துகிறேன்.

வால்யூம் பெடல்

ஒவ்வொரு சுரத்தையும் ஊ... ஊ... என்று ஊதாதீர்கள். பாதி அழுத்தத்தில் மீட்டி, ஒலி தேயத் தேயக் கொஞ்சமாகக் கூட்டுவதற்குத்தான் அது.

பழைய பார்

பள்ளம் போட்ட லேப் ஸ்டீல் பார் பத்துக் கம்பிக்கு எட்டாது.

நாற்காலியும் காலும்

கைப்பிடி வைத்த பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்தால் முழங்கை இடிக்கும், முட்டியும் லீவருக்கு நேராக வராது. கைப்பிடி இல்லாத ஸ்டூல் போதும், உயரம் மட்டும் தினமும் ஒன்றாக இருக்கட்டும். வீட்டில் ஷூ போட்டுப் பழகிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வெறுங்காலோடு வாசிக்கப் போனேன். ஷூவின் கனம் இல்லாததால் கணுக்கால் நிற்கும் உயரமே மாறிவிட்டது. இரண்டாவது சரணத்தில் பி பெடலுக்குப் பதில் சி பெடலை மிதித்தேன், ஐயர் (எங்கள் சபைப் போதகர்) திரும்பிப் பார்த்தார். எங்கே வாசிக்கப் போகிறீர்களோ அதே காலோடு பழகுங்கள்.

எண்ணெய்

தேங்காய் எண்ணெய் கூடவே கூடாது. தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு.

உப்புக் காற்று

குளச்சல், முட்டம் பக்கத்துக்காரர்கள் வாசித்து முடித்ததும் கம்பியைத் துடைத்துவிட்டு மூடி வையுங்கள்.

மூன்றாவது கம்பி

அடிக்கடி அறுவது இதுதான். நாகர்கோவிலில் பத்துக் கம்பி செட் கேட்டால் எனக்கு ஆறு கம்பி செட்டைத்தான் நீட்டினார்கள். கவலை வேண்டாம், 11-இல் தொடங்கும் சாதாரண அகோஸ்டிக் செட் வாங்குங்கள், அதில் முதல் கம்பி 0.011 அங்குலம், மூன்றாவது இடத்துக்கு அதுவே பொருந்தும். மீதி ஐந்தையும் கொயரில் கிட்டார் வாசிக்கும் பையனிடம் கொடுத்துவிடலாம். எங்கள் பையன் வீட்டில் முதல் கம்பி இல்லாத செட் ஏழெட்டு கிடக்கிறது, போன வாரம் நான் கவரை நீட்டியதும் பின்வாசல் வழியாகப் போய்விட்டான்.