வாந்தி, பேதி வந்தவரைக் கவனிக்கும்போது

வீட்டில் ஒருவருக்குத் திடீரென வாந்தியும் பேதியும் வந்தால், பல நேரம் காரணம் நோரோ வைரஸ். கவனித்துக்கொள்பவரும் ஓரிரு நாளில் படுத்துவிடலாம். இதற்கு சானிடைசரை மட்டும் நம்பாதீர்கள். அது இந்த வைரஸிடம் சரியாக வேலை செய்யாது. சோப்புப் போட்டு 20 விநாடியாவது கையைத் தேய்த்துக் கழுவுங்கள்.

வாந்தியைச் சுத்தம் செய்யும்போதுதான் அதிக கவனம் வேண்டும். கையுறையும் மாஸ்க்கும் போட்டுக்கொண்டு, முதலில் காகிதத்தால் துடைத்தெடுத்துப் பையில் கட்டிவிடுங்கள். அப்புறம் 1 லிட்டர் தண்ணீரில் 20 மி.லி. பிளீச் திரவம் (5 முதல் 8 சதவீதம் சோடியம் ஹைப்போகுளோரைட் உள்ளது) கலந்து அந்த இடத்தில் ஊற்றி, 5 நிமிடம் விட்டுத் துடையுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும். பிளீச்சோடு வேறு எந்த கிளீனரையும் தயவுசெய்து கலக்காதீர்கள், நச்சு வாயு வரும். அழுக்கான துணியை உதறாமல் எடுத்துத் தனியாகத் துவையுங்கள்.

நோயாளிக்கு ஓ.ஆர்.எஸ். கரைசலை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். சிறுநீர் குறைந்தாலோ, தலைசுற்றினாலோ, மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ உடனே டாக்டரிடம் கூட்டிப் போங்கள். குழந்தைகள், முதியவர்கள் என்றால் இன்னும் சீக்கிரம்.

சரியான பிறகும் 48 மணி நேரம் அவர் மற்றவர்களுக்குச் சமைக்க வேண்டாம்.